ஜன்னல் பக்க முனை

ஏணியின் உச்சியில் நின்று "சரியா இருக்கா அண்ணி?" என்று அவள் கேட்ட பிறகு அண்ணியின் விரல் அசைந்ததா, கேட்பதற்கு முன்பே அசைந்துகொண்டிருந்ததா என்பது கத்திரிக்கு இன்றுவரை நிச்சயமில்லை. கேட்ட பிறகுதான் என்று சில நாள் தோன்றும். இல்லை, விரல் அசைவதைப் பார்த்துத்தான் வாயில் கேள்வியே வந்தது என்று சில நாள் தோன்றும். நடந்ததை மனம் தனக்குத் தோதாக மடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு பிரித்துப் பார்த்தால் எது நெசவு, எது மடிப்பின் தடம் என்று தெரிவதில்லை.

மற்றதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. நல்ல மத்தியானம். கூடத்தின் நீளச் சுவரில், இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே, ஒரு கையால் மூங்கில் கழியின் முனையைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் சுத்தியலோடு அவள் நின்றாள். வாயில் ஒரு கொக்கி ஆணி. கழியின் மறுமுனை ஏற்கெனவே சுவரில் ஏறியிருந்தது. இந்த முனை, ஜன்னல் பக்க முனை, ஏறவேண்டியதுதான் பாக்கி. கீழே நர்ஸ் பெண் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீங்க விழுந்தீங்கன்னா நான் ரெண்டு பேரைப் பாத்துக்கணும். என்னை ஒருத்தருக்குத்தான் அனுப்பியிருக்காங்க."

"விழமாட்டேன். நீ பேசாம ஏணியைப் பிடி."

"நேரா இருக்கான்னு நான் எப்படிப் பாக்கறது? பக்கத்துல நிக்கறேனே, எனக்கு உங்க பாதந்தான் தெரியுது."

அது உண்மைதான். உயரத்தில் மாட்டுவது நேராக இருக்கிறதா என்று மாட்டுகிறவளுக்கும் தெரியாது, ஏணியைப் பிடிக்கிறவளுக்கும் தெரியாது. தள்ளி நிற்கிற மூன்றாவது ஆள் வேண்டும். அந்தக் கூடத்தில் மூன்றாவது ஆளாக இருந்தது கட்டிலில் படுத்திருந்த அண்ணி மட்டுந்தான்.

அது வீடாவதற்கு முன் மரச்சாமான் கடையொன்றின் கிடங்காக இருந்தது. அலமாரிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவைப்பதற்குக் கட்டிய கூரை. ஜன்னல்கள்கூடச் சாமான் மறைக்காத உயரத்தில்தான் தொடங்கும். யாரும் வேண்டாமென்று விட்ட அந்த இடத்தைக் கத்திரியின் அண்ணன் வாங்கி, பின்பக்கம் அறைகள் தடுத்து, முன்பக்கத்தை அப்படியே கூடமாக விட்டான். பெயர் வைப்பதில் கெட்டிக்காரன். கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலைபார்த்த பெண்டாட்டிக்குத் தூக்குக்குண்டு என்று பெயர் வைத்தான். சுவர் நேராக எழுகிறதா என்று பார்க்கக் கொத்தனார் நூலில் கட்டித் தொங்கவிடும் இரும்புக் குண்டு. யார் வீட்டுக்குப் போனாலும், உட்காருவதற்கு முன்பே, "உங்க வாசல் நிலை அரை விரல் சாஞ்சிருக்கு" என்று அவள் சொல்லிவிடுவாள். திரைச்சீலை தைக்கும் பட்டறைக்குப் போய்க்கொண்டு, வீட்டிலும் இடுப்பில் கத்திரிக்கோலோடு திரிந்த தங்கைக்குக் கத்திரி. இருவருக்கும் பெயர் வைத்த கையோடு அவன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டான். பெயர்கள் நின்றுவிட்டன.

கத்திரி அந்த வீட்டுக்கு ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாமென்று வந்தவள். அவளைக் கட்டிக்கொண்டவன் ஒரு நாள் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினான், போனவன் போனவன்தான். அவன் திரும்பி வரும்வரை என்றுதான் பெட்டியை இறக்கிவைத்தாள். பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவள் தலை நரைத்ததும் அந்த வீட்டில்தான்.

கூடத்தின் நீளச் சுவர் முதலிலிருந்தே வெறுமையாக இருந்தது. வந்தவர் போனவர் எல்லோரும் அதற்கு ஏதாவது ஒரு யோசனை சொன்னார்கள். அண்ணன் ஒரு தடவை ஆசையாக ஒரு கடல் படத்தை வாங்கிவந்து மாட்டினான். மாட்டி இறங்கிப் பார்த்தால் பெரிய கடித உறையின் மூலையில் ஒட்டிய தபால்தலை மாதிரி இருந்தது. "உயரமான சுவத்துல சின்னதா ஒண்ணை மாட்டினா சுவரும் போச்சு, படமும் போச்சு" என்று சாயங்காலமே இறக்கவைத்தாள் அண்ணி. வீடுகளை அலங்கரித்துக் கொடுக்கும் ஒருவர் வந்து, மேலே ஒரு நிறம் கீழே ஒரு நிறம் என்று கையை வீசி வீசிச் சொன்னார். "சுவருக்குப் பாவாடை சட்டையா?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள். எதைச் சொன்னாலும் அவள் பதில் ஒன்றுதான். "அளவு பத்தலை."

கத்திரி வந்த புதிதில், தன் முகக்கண்ணாடி ஒன்றை அந்தச் சுவரின் ஓரத்தில், வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டாள். அண்ணி திரும்பிக்கூடப் பார்க்காமல், "அங்க வேண்டாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வரைபடத்தில் ஒரு கோட்டை அழிப்பது போலச் சொன்னாள். அன்றோடு கத்திரி கேட்பதை விட்டுவிட்டாள். தன் அறையில்கூட ஒரு ஆணி அடிக்கவில்லை. கண்ணாடி தரையில் சுவரோடு சாய்ந்தே நின்றது. துணிகள் நாற்காலி முதுகில் கிடந்தன. இதெல்லாம் அண்ணியின் கண்ணில் பட்டதா என்று தெரியாது. ஏன் என்று அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கத்திரி சொல்லியிருக்கவும் மாட்டாள். ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே சோப்பில் துவைத்து, ஜுரம் வந்தால் மாறி மாறி நெற்றியில் ஈரத்துணி போட்டு இருந்தார்கள். அந்த ஆணிகள் மட்டும் அடிக்கப்படாமலே இருந்தன.

பட்டறையில் மிஞ்சும் வெட்டுத்துணிகளைக் கொண்டுவந்து சாயங்காலங்களில் ஒன்றோடொன்று சேர்த்துத் தைப்பது அவள் பழக்கம். மற்றவர்கள் ஜன்னல்களுக்குப் போன துணிகளின் நுனிகள். முதலில் மேசைக்கு ஒரு விரிப்பு என்று நினைத்தாள். மேசையைத் தாண்டிப் போயிற்று. பிறகு கட்டிலையும் தாண்டியது. நிறுத்தத் தோன்றவில்லை. தைத்த வரை சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு மறுநாள் இழுத்து வைத்துக்கொள்வாள்.

"ஏண்டி, ரயிலுக்குப் போர்வை தைக்கிறியா?"

"ஆமா அண்ணி. இஞ்சினுக்குக் குளிருதாம்."

அப்புறம், மாதம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, சம்பந்தமில்லாமல் அண்ணி கேட்பாள். "இப்ப எவ்வளவு நீளம் இருக்கும்?"

"எதுக்கு?"

"சும்மாத்தான்."

கத்திரி சொல்வாள். அண்ணி "ம்" என்பாள். குத்திக்காட்டுகிறாள் என்றுதான் கத்திரி நினைத்தாள்.

அண்ணி குளியலறை வாசலில் விழுந்தது மழைக்காலத் தொடக்கத்தில். வலப்பக்கம் முழுவதும் போயிற்று, பேச்சும் போயிற்று, கழுத்து இடப்பக்கமாகத் திரும்பி அப்படியே நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனி வீட்டில் இருப்பதே நல்லது என்று அனுப்பிவிட்டார்கள். என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. தலைமாட்டை ஏற்றி இறக்கும் கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். அறைக் கதவுக்குள் அது நுழையவில்லை. கூடத்தில் போட்டார்கள். காலடியில் உயர்ந்த ஜன்னல். இடப்பக்கம் நெடுக அந்தச் சுவர். திரும்பிய கழுத்தோடு அண்ணி பார்க்கக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான். நாள் முழுக்க அந்த வெறுஞ்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்த்துக்கொண்டிருப்பதைக் கத்திரியால் பார்க்க முடியவில்லை. இது ஒரு காரணம். தெரிந்த பெயிண்டர் ஒருவரிடம் ஏணியைக் கேட்டு வாங்கியபோது இன்னொரு எண்ணமும் உள்ளே ஒரு மூலையில் இருந்தது: இனி வேண்டாம் என்று சொல்ல அண்ணிக்கு வாய் இல்லை. அந்த எண்ணம் இருந்ததா இல்லையா என்று பிற்பாடு தன்னையே பலமுறை கேட்டுக்கொண்டாள். இருந்தது.

ஆக, ஏணி. கழி. அதில் கோத்து நாடாவால் சுருட்டிக் கட்டிய அந்த வெட்டுத்துணித் தையல். இடது கையின் சுட்டுவிரல், போர்வைக்கு மேலே.

விரல் எழும்பியது. மேலே என்பது போல.

"மேலேயா அண்ணி?" முனையை உயர்த்தினாள். விரல் நிற்கவில்லை. இன்னும் உயர்த்தினாள். வீட்டில் தச்சர் ஜன்னலுக்குச் சட்டம் அடிக்கும்போதெல்லாம் அண்ணி தள்ளி நின்று வேலை வாங்கிய அதே விரல். பேசமாட்டாள், விரல்தான். போதும் என்றால் விரல் மடங்கும்.

"அம்மா, அது தானா துடிக்கிறது" என்று கீழிருந்து நர்ஸ் பெண் மெதுவாகச் சொன்னாள். "காலையிலேருந்தே அப்படித்தான் இருக்கு. அதுக்கு அர்த்தம் கிடையாது."

"நீ ஏணியைப் பிடி."

கை வலித்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உயர்த்திக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் மடங்கிப் போர்வையில் படுத்துக்கொண்டது. அங்கே கொக்கியை வைத்து அடித்தாள். அந்த வீட்டில் அவள் அடித்த முதல் ஆணிகள் அன்றைக்கு அடித்தவைதான். சுண்ணாம்பு உதிர்ந்து முகத்தில் விழுந்தது. நாடாவை அவிழ்த்தாள். துணி தன் கனத்தில் தானே உருண்டு, பெருமூச்சு மாதிரி ஒரு சத்தத்தோடு, கீழே வரை இறங்கி நின்றது.

இறங்கிவந்து பார்த்தாள். கழி கோணலாக இருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை. ஜன்னல் பக்க முனை, போதையில் தொப்பி போட்டவன் மாதிரி, ஒரேயடியாக மேலே ஏறியிருந்தது. நர்ஸ் பெண் ஏணியை ஓரமாகச் சாய்த்தாள்.

அப்படியானால் அந்த விரல் வழி சொல்லவில்லை. சும்மா துடித்திருக்கிறது. அல்லது, இதுதான் அவளை வந்து அறைந்தது, எடு, எடுத்துவிடு என்று சொல்லியிருக்கிறது. அங்க வேண்டாம் என்று.

கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். அண்ணியின் கண்கள் துணியின் மேல் இருந்தன. அவற்றில் என்ன இருந்தது என்று படிக்க முடியவில்லை.

"கோணலாயிடுச்சு அண்ணி. நாளைக்கு நேராக்கிடறேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "வேண்டாம்னா எடுத்துடறேன்" என்றாள்.

விரல் அசையவில்லை. இருவரும் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்கள். வெளியே யாரோ சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு போனார்கள். வெயில் சுவரிலிருந்து மெல்ல நழுவி, துணியின் கீழ்நுனியைக் கடந்து தரைக்கு வந்தபோது, அண்ணியின் மூச்சு இடைவெளி விட ஆரம்பித்தது. கத்திரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். நர்ஸ் பெண் வந்து குனிந்து பார்த்து, அவள் தோளில் கை வைத்த பிறகும் காத்திருந்தாள்.

மறுநாள் காலை அண்ணியின் மகன் வந்து சேர்ந்தான். வேறு ஊரில் வேலை. காதோரம் அவனுக்கும் நரைத்திருந்தது. அம்மாவின் அருகே நின்றான், முகத்தைத் துடைத்துக்கொண்டான், அத்தையைக் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகுதான் சுவரைப் பார்த்தான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோருமே பார்த்தார்கள். உட்கார நாற்காலி தேடும் கண், முதலில் அங்கேதான் போயிற்று. தெருமுனை மருந்துக்கடைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் குரலைத் தாழ்த்தினார். ஆனால் அந்தக் கூடத்தில் தாழ்ந்த குரலும் கூரைவரை போய்த் திரும்பி வரும்.

"தூக்குக்குண்டு அம்மா வீட்டுல இப்படி ஒரு கோணலா?"

"கொண்டுபோறதுக்குள்ள எழுந்து உட்காந்து, யாருடா மாட்டினதுன்னு கேட்டாலும் கேப்பாங்க."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். கத்திரிக்குக் கோபம் வரவில்லை. அண்ணி கேட்டிருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

எல்லாம் முடிந்து திரும்பி வந்த சாயங்காலம், மகன் தேநீர்க் கோப்பையோடு அந்தத் துணிக்கு முன்னால் நின்றான்.

"எப்ப மாட்டினீங்க அத்தை?"

"நேத்து மத்தியானம்."

"அம்மா பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"அவங்க மாட்டச் சொன்னாங்களா?"

கத்திரி அவன் கோப்பையைப் பார்த்தாள். "ஆறிடப்போவுது, குடி" என்றாள்.

அவன் குடித்தான். கேட்டது தப்போ என்பது போல, வேறு பேச்சுக்குப் போனான். "அத்தை, நீங்க இனிமே எங்க இருக்கப்போறீங்க?"

அவன் நல்ல மனதோடுதான் கேட்டான். எங்களோடு வந்துவிடுங்கள் என்று அடுத்த வாக்கியத்திலேயே சொல்லவும் செய்தான். இவ்வளவு பெரிய இடத்தில் தனியாக எப்படி, பிள்ளைகளும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னான். அவளுக்கு முதல் வாக்கியம் மட்டுந்தான் காதில் நின்றது. இங்கே வந்த முதல் வாரம் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தது ஞாபகம் வந்தது.

"யோசிச்சுச் சொல்றேன்டா" என்றாள்.

அடுத்த நாள் காலை கட்டிலை எடுக்க இரண்டு ஆட்கள் வந்தார்கள். மகன் அவர்களை ஏணியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கையில் சுத்தியலோடு ஏறிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்றே?"

"ஊருக்குப் போறதுக்குள்ள இதையாவது நேராக்கிட்டுப் போறேன். அம்மா வீட்டைக் கோணலா விட்டுட்டுப் போக மனசு வரலை."

அம்மா வீடு. அதில் தவறாக ஒன்றுமில்லை.

"இல்ல, எடுத்துடணும்னாலும் சொல்லுங்க. சுருட்டி உங்ககூட எடுத்துட்டு வந்துடலாம்." அவன் உச்சிக்குப் போய்விட்டான். "நீங்க தள்ளி நின்னு சொல்லுங்க அத்தை. எவ்வளவு எறக்கணும்?"

அவள் பின்னாலேயே நகர்ந்து போனாள். முழங்கால் இரண்டும் இரண்டு நாளாக நின்று நின்று பிடித்துக்கொண்டிருந்தன. கட்டில் இடித்தது. உட்கார்ந்தாள். மெத்தையை இன்னும் எடுக்கவில்லை. தலையணையில் ஒரு பள்ளம் அப்படியே இருந்தது. அதை அவள் கையால் தொட்டாள்.

"அத்தை? சொல்லுங்க. இங்கேருந்து எனக்கு ஒண்ணும் தெரியலை."

"இருடா" என்றாள்.

ஏன் படுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. கால்களை மேலே இழுத்துக்கொண்டு, அந்தப் பள்ளத்தில் தன் தலையை வைத்தாள். கட்டில் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணியின் கழுத்து திரும்பியிருந்த மாதிரி தன் கழுத்தையும் இடப்பக்கமாகத் திருப்பினாள்.

காலடியில் ஜன்னல். அதன் குறுக்கே ஓடும் சட்டம். அந்தச் சட்டம் முடிகிற மூலையில் கழி தொடங்கியது. ஜன்னலின் சட்டமும் சுவரின் கழியும் ஒரே கோடு. அளவுகோலை வைத்து ஒரே இழுப்பில் இழுத்த மாதிரி, உடைவு இல்லாமல், கண்ணுக்கு எட்டிய தூரம் நேராக ஓடியது. ஒரு மயிரிழை ஏறவில்லை, ஒரு மயிரிழை இறங்கவில்லை.

தலையைத் தூக்கினாள். கோடு உடைந்து, கழி கோணலாயிற்று. திரும்பப் பள்ளத்தில் வைத்தாள். நேரானது.

இப்ப எவ்வளவு நீளம் இருக்கும்? சும்மாத்தான். இந்தச் சுவருக்குத்தான் அளவு கேட்டிருக்கிறாள்.

"அத்தை, என்ன ஆச்சு? மயக்கமா?" மேலிருந்து மகனின் குரல் பதறியது.

"ஒண்ணுமில்ல."

"எவ்வளவு எறக்கட்டும்?"

"எறக்க வேண்டாம். நீ இறங்கி வா."

"கோணலா இருக்கே அத்தை."

"அண்ணி பாத்து மாட்டினது" என்றாள் கத்திரி. "கையை வைக்காதே."

அவன் சுத்தியலைக் கையில் பிடித்தபடி இறங்கிவந்தான். அவள் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. ஆட்கள் ஏணியை விட்டுவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார்கள். நல்ல மனிதர்கள், அவசரப்படுத்தவில்லை.

பிறகு கட்டில் போயிற்று. அது இருந்த இடத்தில் நான்கு கால்களின் தடம் கொஞ்ச காலம் இருந்து, துடைக்கத் துடைக்க மறைந்தது. நர்ஸ் பெண்ணுக்கு வேறொரு வீட்டில் வேலை கிடைத்தது. அந்தப் பக்கம் வரும்போது எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். மகன் ஊருக்குத் திரும்பிவிட்டான். விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வருகிறான்; எங்கே இருக்கப்போகிறீர்கள் என்று மறுபடி கேட்கவில்லை. மருந்துக்கடைக்காரர் கடையை மகளிடம் கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கிறார். கத்திரி அங்கேயேதான் இருக்கிறாள். தன் அறையில், வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து ஒரு ஆணி அடித்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

கூடத்துக்குள் புதிதாக வருகிறவர்கள் சுவரைப் பார்த்ததும் ஒரு கணம் நின்று, தங்களை அறியாமல் தலையை ஒரு பக்கம் சாய்க்கிறார்கள். அவள் அவர்களுக்கு நாற்காலியை இழுத்துப் போடுகிறாள்.